ஃபிட்டர் தைரியநாதன் மூட்டை கட்டுகிறார்

ஸ்பேனரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துணியில் சுற்றுகிறார் தைரியநாதன். ஒன்றிரண்டை அல்ல, ஒவ்வொன்றையும். மண்ணெண்ணெய் வாசனை மட்டும் வந்தால் சரி. இரும்பு வாசனை வந்தால் எங்கோ துரு உட்கார்ந்துவிட்டதென்று பொருளாம். அப்படிப் பிடிபட்ட ஸ்பேனர் மறுபடி மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும், மறுபடி துடைக்கப்படும், மறுபடி மூக்குக்கு வரும். மொத்தம் இருபத்திரண்டு ஸ்பேனர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்தாரானால் விளக்கு வைத்து வெகு நேரம்வரை இந்த ஒரே வேலைதான்.

சுற்றுகிற துணி அவருடைய பழைய பனியன். வீட்டில் பழைய சேலை எத்தனை கிடந்தாலும் தொடமாட்டார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"சேலத் துணி வழுக்கும் சார். பனியன் அப்படியில்ல, இரும்பக் கெட்டியாப் புடிச்சுக்கிரும்."

ஒரு பனியன் கிழிந்துவிட்டால் வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழிந்ததும் முகம் மலர்கிற மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கல்லல் பஞ்சாயத்து யூனியனில் கைப்பம்பு ஃபிட்டர். வயது நாற்பத்தாறு. ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை. வலது புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்ப் பம்பில் தண்ணீர் வராவிட்டாலும் ஜனங்கள் முதலில் பம்பைத் திட்டுவார்கள், அப்புறம் இவரைத் தேடுவார்கள். இவர் போய்ப் பம்பின் தலையில் காதை வைத்துக் கேட்பார். "வாஷர் போச்சு" என்றோ "குழாய்ல ஓட்ட விழுந்துருச்சு" என்றோ சொல்லிவிட்டுத்தான் கழற்றுவார். சொன்னது தப்பிப் போய் நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டாளத்தில் ஓடியது. ஏலத்தில் விலைபோய், மூன்று கை மாறி, ஐம்பத்தொன்பதில் இவரிடம் வந்து சேர்ந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். உரசிய இடங்களில் பட்டாளத்துப் பச்சை எட்டிப் பார்க்கும். வண்டியைச் செய்தவர்கள் கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கிறார்கள். காரைக்குடி முழுக்கச் சுற்றினாலும் அதற்கு ஒரு திருகாணி கிடைக்காது. அதனால் மதுரைக்கோ திருச்சிக்கோ எந்தக் காரியமாகப் போனாலும் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்துவிட்டுத்தான் திரும்புவார். ஒரு உறவினர் சாவுக்குத் திருச்சி போனவர் கையில் வால்வு ஸ்பிரிங்கோடு வந்து இறங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்படிப் பதினைந்து வருடமாகச் சேர்ந்த சாமான்கள்தான் இந்த ஒன்றரை மாதமாக அவர் வீட்டுக் கூடத்தில் கிடக்கின்றன. எங்கள் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை ஊர் பார்க்கப் பரப்பி வைப்பார்களே, அந்த மாதிரி. வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கவேண்டிய இடத்தில் பிஸ்டன். அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பேரிங்குகள். வலையபட்டியில் ஒரு ஆச்சி வீட்டுப் பம்பைச் சரிசெய்தபோது அவர்கள் கொடுத்த பர்மா பிஸ்கட் டின் ஒன்றில் பல்புகள், உமிக்குள் முட்டை வைப்பதுபோல. விருந்தாளி வந்தால் சுவரோரமாக நடக்க வேண்டும்.

மூட்டை கட்டுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எது முதலில் கெடுமோ அது மேலே, எது கடைசியில் கெடுமோ அது அடியில். ஆகவே கித்தான் பையின் வாயில் ஆக்சிலேட்டர் கேபிள், கிளச் கேபிள், பிளக், டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான். நடுவில் செயின் துண்டுகள், பாயின்ட், கண்டன்சர். அடியில் பிஸ்டன், வால்வு, பேரிங். பெட்ரோல் டாங்க் ஒழுகினால் அடைக்க ஒரு துண்டு பார் சோப்பு. பியூஸ் போனால் சுற்றுவதற்குச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். அவருக்குச் சிகரெட் பழக்கம் இல்லை. தாளுக்காக என்னிடம் வருவார். பெட்டியில் இன்னும் நாலு இருக்கிறதென்றால் "மெதுவாப் புடிங்க சார்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். இந்த டிசம்பரில் நான் அதிகமாகப் புகைத்ததற்குப் பாதிக் காரணம் அவர்தான்.

நடுவழியில் பிஸ்டன் போனால் ரோட்டோரத்தில் உட்கார்ந்து இன்ஜினைப் பிரிப்பீர்களா என்று சீண்டினேன்.

"பிரிக்க வேண்டியதுதான். வேற எதுக்கு சார் ரோடு நெடுக புளியமரம் வச்சிருக்கான்?"

போகிற இடம் கோவா. பெங்களூர், ஹூப்ளி வழியாக நாலு நாள் ஓட்டம். அங்கே தேவாலயத்தில் இருக்கிற புனித சவேரியாரின் திருவுடலை இந்த நவம்பரிலிருந்து பேழையோடு இறக்கி ஜனங்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் வைத்தது அறுபத்து நாலில். இனி எண்பத்து நாலில்தான் என்று பேச்சு. கல்லலிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் ரயிலில் போய் வந்துவிட்டன. இவர் மட்டும் ஏன் இந்தக் கிழட்டு வண்டியில் போகிறார் என்பதற்கு அந்த அறுபத்து நாலுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வருடம் நாச்சியாபுரம் ரோட்டு இறக்கத்தில், பிரேக் கம்பியைப் பிடித்திருந்த ஒரு சின்னப் பின் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் மோதினார். மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். அவர் மனைவி இன்பமேரி, எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கட்டிலோரம் உட்கார்ந்து சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். இந்த மனிதரை எழுப்பிக் கொடு. அடுத்த தடவை நீ இறங்கி வரும்போது இதே வண்டியை இவரே ஓட்டிவர, பின்னால் நான் உட்கார்ந்து, உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன். இப்படி வார்த்தைக்கு வார்த்தை. மனிதர் எழுந்துவிட்டார். பத்து வருடம் கழித்து இப்போதுதான் அந்த நாள் வந்திருக்கிறது. ரயிலில் போனாலும் சவேரியார் ஒத்துக்கொள்வார் என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

விழுந்து எழுந்த பிறகு இரண்டு வருடம் தைரியநாதன் அந்த வண்டியைத் தொடவில்லை. பிறகு தொட்டபோது சட்டைப் பையில் ஒரு கம்பி வளையத்தில் அந்த மாதிரிப் பின்கள் முப்பது கோத்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கேபிள் சேர்ந்தது, பிளக் சேர்ந்தது. தேவகோட்டைக்குப் போவதென்றாலும் மூட்டையோடுதான் போவார். யூனியனில் கேலி செய்தார்கள். நானும் செய்தேன். ஒரு நாள் ஏதோ அவசரத்தில் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனவர் அரை மைலில் திரும்பி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, ஹாண்டிலைப் பிடித்த இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் ஒன்றும் கேட்காமல் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றோடு நான் கேலியை விட்டேன்.

கோவாவுக்கு எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எடையில்தான் வந்து சிக்கியது.

வண்டி தாங்குவது நூற்றறுபது கிலோ. மணல் மூட்டையை ஏற்றி ஏற்றி அவரே கண்டுபிடித்த அளவு அது. அதற்கு மேல் போனால் பின்சக்கரம் மட்கார்டில் உரசுகிறதாம். நவம்பர் நடுவில் ஒரு சாயங்காலம், ஸ்டேஷன் ரோட்டில் குழந்தைவேலுவின் கடலை மண்டிக்கு மூட்டையோடு போனார். மூட்டைகளை நிறுக்கிற பெரிய எடைமேடை அங்கேதான் இருக்கிறது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். பள்ளிக்கூடம் விட்டு டீச்சரையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். குடையும் கையுமாக வந்தவர் விஷயம் தெரிந்ததும் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னையும் மூட்டைக் கணக்குல சேத்துட்டீகளா?"

ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் ஐம்பத்தெட்டு. ஃபிட்டர் அறுபத்து நாலு. துணிமணி, சாப்பாடு, பெட்ரோல் கேன் எல்லாமாகப் பத்து. மிச்சம் சாமானுக்கு இருபத்தெட்டு கிலோதான் இடம். சாமான் நாற்பது இருந்தது. குழந்தைவேலு எழுதிக்கொடுத்த சீட்டைத் தைரியநாதன் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது நல்ல செய்தி இருக்கும் என்பதுபோல.

அடுத்த ஒரு வாரம் அவர் பன்னிரண்டு கிலோவோடு மல்லுக்கட்டினார். இரண்டு பக்கமும் வாய் உள்ள ஸ்பேனர்களாகப் பொறுக்கியதில் இருபத்திரண்டில் பதினாலு ஸ்பேனர் போதும் என்றாயிற்று. சுத்தியலின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். பிஸ்கட் டின் போய், பல்புகள் பனியனுக்குள் புகுந்தன. தனக்கென்று எடுத்த இரண்டாவது வேட்டியை எடுத்து வெளியே போட்டார். கோவாவில் நம்மை யாருக்குத் தெரியும் என்றார். ஏழரைக் கிலோ குறைந்தது. அதற்கு மேல் ஒரு தோலாவும் இறங்கவில்லை. பிஸ்டனை எடுப்பார், உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார், மறுபடி உள்ளே வைப்பார். பேரிங்கை எடுப்பார், விரலில் மாட்டிச் சுற்றுவார், உள்ளே வைப்பார். நாலரைக் கிலோ முரண்டு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

அந்த வாரக் கடைசியில்தான் என்னிடம் வந்து தணிந்த குரலில் அதைச் சொன்னார். டீச்சர் மட்டும் ஹூப்ளி வரைக்கும் ரயிலில் வந்துவிட்டால் என்ன? அங்கிருந்து சாமானில் கொஞ்சத்தை ரயிலில் திருப்பி அனுப்பிவிட்டு இவர் டீச்சரை ஏற்றிக்கொள்வார். கோவாவுக்குள் இருவருமாக வண்டியில்தானே போவார்கள்? வேண்டுதல் நிறைவேறின மாதிரிதானே? என் கண் அடுத்த வீட்டுப் பக்கம் போயிற்று. நாங்கள் உட்கார்ந்திருந்த என் திண்ணையிலிருந்து அவர் வீட்டு அடுப்படி பத்தடி தூரம்தான். கொஞ்ச நேரத்தில் டீச்சர் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். வைத்தார். போனார். முகத்தில் எதுவும் இல்லை. கேட்டிருப்பாரோ என்று எனக்குத்தான் காப்பி இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து டீச்சர் ஒருசந்தி. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதத்துக்குக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிடி, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்பு நாட்கள் தொடங்க இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. வேண்டுதல் பெரிது, அதனால் முன்கூட்டியே தொடங்கிவிட்டாள் என்று தைரியநாதன் பெருமையாகச் சொன்னார். தானும் சேர்ந்து இருப்பதாகச் சொன்னதற்கு, வண்டி ஓட்டுகிறவர் வயிறு காயக்கூடாது என்று டீச்சர் மறுத்துவிட்டாராம். ராத்திரி இவருக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவார். இவர் சாப்பிட்டுக்கொண்டே கேபிள்களைப் பற்றிப் பேசுவார். ரயில் பேச்சை அவரும் எடுக்கவில்லை, டீச்சரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவர் என் வீட்டுப் பக்கம் வருவதே குறைந்துபோயிற்று.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி விடியற்காலை கிளம்புவதாக ஏற்பாடு. இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் கடைசி எடை. மறுபடி குழந்தைவேலுவின் மண்டி. மூட்டை முப்பத்திரண்டரை, போன தடவை விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. ஃபிட்டர் அறுபத்து நாலு. டீச்சர் அரைப் பரீட்சை முடிந்து லீவு விட்ட களைப்போடு வந்து, குடையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி நின்றார். குழந்தைவேலு தண்டில் குண்டை ஐம்பத்தெட்டில் வைத்தார். தண்டு எழவில்லை. குண்டைப் பின்னுக்குத் தள்ளினார். இன்னும் தள்ளினார்.

"ஃபிட்டரே, டீச்சர் அம்பத்து மூணுதான் இருக்காக."

தைரியநாதன் மறுபடி நிறுக்கச் சொன்னார். மறுபடியும் ஐம்பத்து மூன்று. அவர் விறுவிறுவென்று மண்டிக் கதவில் சாக்பீஸால் கூட்டினார். அறுபத்து நாலு, ஐம்பத்து மூன்று, முப்பத்திரண்டரை, பத்து. நூற்றைம்பத்தொன்பதரை. முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீகளா சார், எல்லாம் அடங்கிருச்சு. அரைக் கிலோ மிச்சம் வேற இருக்கு."

அந்த அரைக் கிலோவுக்கு என்ன வைக்கலாம் என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டார். இன்னொரு டியூப் வைக்கலாமா, செயினை நீளமாக வைக்கலாமா என்று என்னிடமே கேட்டார். சொன்னால் என்ன, எனக்கு அப்போது அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. ஒரு பம்பின் தலையில் காதை வைத்து உள்ளே தேய்ந்தது என்னவென்று சொல்கிற மனிதர் இவர்.

டியூபின் எடையைக் கதவில் எழுதப் போன சாக்பீஸ் பாதியில் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பினார். டீச்சர் எடைமேடையிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர்ந்து முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டபோது வளையல்கள் முழங்கை வரை ஓடிவிட்டுத் திரும்பி மணிக்கட்டில் விழுந்தன. தைரியநாதன் அதையே பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். ரவிக்கையின் தோளில் பிடித்திருந்த ஊக்கைப் பார்த்தார். பிறகு கிட்டே போய்க் கேட்டார்.

"மேரி, ஒருசந்தி சவேரியாருக்குத்தான இருந்த?"

 மூட்டை தூக்குகிறவர்கள் தள்ளிப் போகட்டும் என்று டீச்சர் காத்திருந்தார்.

"அவருக்கு நாலு செபம் சொன்னாப் போதும். ஒங்க சாமான்ல ஒண்ணக் கொறச்சாலும் ஒங்களுக்குக் கை நடுங்கும். நடுங்குற கையோட அம்புட்டுத் தூரம் ஒங்கள எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது? நான் கொறஞ்சா எனக்கு ஒண்ணும் இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார், கடையில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டார்.  மண்டியின் கடலைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தைரியநாதன் எடைமேடைக்குப் போனார். பையின் வாய்க்கட்டை அவிழ்த்தார். பிறகு பையை அப்படியே தூக்கி ஒரு காலிச் சாக்கின் மேல் தலைகீழாகக் கொட்டினார். ஒன்றரை மாதமாக அடுக்கிய வரிசை ஒரே சத்தத்தில் போயிற்று. கொட்டிய குவியலிலிருந்து பிஸ்டனை எடுத்துக் குழந்தைவேலுவின் மேஜைமேல் வைத்தார். பேரிங்குகளை வைத்தார். வால்வுகள், ஸ்பிரிங், செயினில் பாதி, ஏழு ஸ்பேனர்கள். எதையும் நிறுக்கவில்லை. ஃபிட்டரே, இதையெல்லாம் எங்கே வைக்க என்று குழந்தைவேலு கேட்டபோதும் அடுத்ததைத்தான் எடுத்தார். கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. கடைசி ஸ்பேனர் மேஜை விளிம்பில் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தது.

என்ன செய்கிறீர்கள், விடுங்கள் என்று டீச்சர் பக்கத்தில் வந்தார். தைரியநாதன் டீச்சரின் தோளைப் பிடித்துக் கட்டி வைத்திருந்த ஒரு மூட்டையின் மேல் உட்காரவைத்தார். எதிரே தரையில் தானும் உட்கார்ந்தார். குவியலிலிருந்து ஒரு கைப்பிடி கடலையை அள்ளி, ஒவ்வொன்றாக உடைத்து, தோலைத் தேய்த்து ஊதி, டீச்சரின் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தார். டீச்சர் வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தார். நானும் குழந்தைவேலுவும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது டீச்சர் மென்றுகொண்டிருந்தார். தைரியநாதனின் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. பாதிப் பருப்பு நழுவித் தரையில் விழுந்தது. விழுந்ததை அவர் எடுக்கவில்லை. அடுத்த கடலையை உடைத்தார்.